கண் கலங்க வைத்த படமும் ஒரு கோட்டை விதைப்பாடும்

கேள்வி: அண்ணாச்சி, நான் அம்பாசமுத்திரம் பக்கம் விவசாயம் பார்த்துக்கொண்டு ஓர் உரக்கடையும் நடத்தி வருகிறேன். புதுமுகங்கள் நடித்த ஒரு படத்தின் திருநெல்வேலி, கன்னியாகுமரி ஏரியா விநியோக உரிமையை எம்.ஜி. முறையில் (‘மினிமம் கேரண்டி’, அதாவது பேசிய தொகையை உறுதியாகக் கொடுத்துவிடும் முறை) எடுத்துக்கொள்ளும்படி நண்பர் ஒருவர் வற்புறுத்துகிறார். சென்னையில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். முடிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் போன மாதம்தான் இதைப் போன்ற ஒரு நல்ல படத்தை எங்கள் ஊர்த் தியேட்டரில் இருபது பேரோடு உட்கார்ந்து பார்த்தேன். நான்காம் நாள் அதைத் தூக்கிவிட்டார்கள். நல்ல படங்கள் ஏன் இப்படிப் பணம் பார்க்காமல் போகின்றன? அப்பா விட்டுச்சென்ற ஒரு கோட்டை விதைப்பாடு வயலை (ஒரு கோட்டை அளவு விதைநெல் விதைக்கக்கூடிய நிலம்) அடகு வைத்து இதில் இறங்கலாமா?
— ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

வயலை அடகு வைக்க வேண்டாம். காரணங்களைச் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் பத்திரத்தோடு புறப்பட்டுவிடக் கூடாது என்பதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இளமையில் சில ஆண்டுகள் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு விநியோக அலுவலகத்தில் கணக்கு எழுதியவன் நான். படப்பெட்டி ரயிலில் வந்து இறங்கிய அந்தக் காலத்திலும் உங்கள் கேள்வியை மனவருத்தத்தோடு கேட்டவர்கள் உண்டு.

‘படம் ஓடவில்லை’ என்று நாம் சொல்வதில் இரண்டு செய்திகள் கலந்து கிடக்கின்றன. மக்கள் வரவில்லை என்பது ஒன்று. வந்த பணம் போட்ட விலைக்குப் போதவில்லை என்பது மற்றொன்று. வாரக்கணக்கில் கூட்டம் வந்த படத்தையும் அளவுக்கு மீறிய விலை கொடுத்து வாங்கியவர் கையைச் சுட்டுக்கொள்வார். சுமாராக வந்த படத்தைக் குறைந்த விலைக்கு எடுத்தவர் நாலு காசு பார்ப்பார். ஆகவே படத்தின் தரத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதன் வரவைக் கணிக்க முடியாது. நுழைவுச்சீட்டின் விலையிலிருந்து வரியைக் கழித்து, மிச்சத்தைத் தியேட்டரும் விநியோகஸ்தரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். வழக்கமாக முதல் வாரத்தில் விநியோகஸ்தருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் அந்தப் பங்கு வாரம் போகப் போகக் குறைகிறது. மெதுவாகச் சூடு பிடிக்கும் படத்துக்கு இந்த ஏற்பாடே பாதகமானது. கூட்டம் வரத் தொடங்கும் வேளையில் அதன் பங்கு சுருங்கிவிடுகிறது.

நீங்கள் பார்த்த அந்த இருபது பேர் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அரங்கு நிறைந்தாலும் இருபது பேர் இருந்தாலும் குளிர்சாதனத்துக்கும் புரொஜெக்டருக்கும் ஆகும் மின்சாரம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆட்கூலியும் ஒன்றுதான். தியேட்டர்காரர் அந்தப் படத்தை வெறுத்து எடுக்கவில்லை. இன்னும் ஒரு வாரம் வைத்திருந்தால் கூட்டம் வரும் என்பதற்கு அவர் கையில் எந்த உத்தரவாதமும் இல்லை; அடுத்த வெள்ளிக்கிழமைக்கோ பெயர் பெற்ற நடிகரின் படம் வாசலில் நிற்கிறது.

சந்தையில் கத்தரிக்காயை அழுத்திப் பார்த்து வாங்குகிறோம்; படத்தைப் பணம் கொடுத்துப் பார்த்து முடித்த பின்னர்தான் அது நல்ல படம் என்று தெரியவருகிறது. பெரிய நடிகரின் பெயர் அந்த ஐயத்தைப் போக்கிவிடுகிறது. புதுமுகங்களின் படத்துக்கு அந்தத் துணை இல்லாததால், கல்லிடைக்குறிச்சியிலிருந்து நாலு பேராகப் புறப்பட வேண்டிய ஒரு குடும்பம், பஸ் செலவும் இடைவேளைச் செலவும் சேர்த்து யோசித்து, யாராவது பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும் என்று காத்திருக்கிறது. அப்படிக் காத்திருப்பதில் தவறே இல்லை. ஆனால் எல்லோரும் எல்லோருக்காகவும் காத்திருக்கும்போது சனியும் ஞாயிறும் கடந்துபோய், திங்கட்கிழமை மாலைக் காட்சி வேறு படத்துக்குப் போய்விடுகிறது. நல்ல படங்களுக்கு நேரும் பெரிய இழப்பு இந்த மூன்று நாளில் நேர்வதாகவே நான் நினைக்கிறேன். பெரிய படம் இந்த மூன்று நாளைத் தாங்கும். சிறிய படத்தால் தாங்க முடிவதில்லை.

நம் மண்ணின் உதாரணம் ஒன்று இருக்கிறது. அப்போதைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி.யின் வாழ்க்கையைச் சொன்ன ‘கப்பலோட்டிய தமிழன்’ 1961 தீபாவளிக்கு வெளிவந்தது. பி.ஆர்.பந்துலு எடுத்தார், சிவாஜி நடித்தார், பாரதியின் பாடல்கள் இருந்தன, தேசிய விருதும் கிடைத்தது. வசூலில் அது தோற்றது. அதே தீபாவளிக்கு வந்த எம்.ஜி.ஆரின் ‘தாய் சொல்லைத் தட்டாதே’ நன்றாக ஓடியது. புத்தாடை உடுத்தி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொண்டாட்டமாக வந்தவர்களுக்கு, சிறையில் செக்கிழுக்கும் ஒரு மனிதனின் துயரத்தைப் பார்க்கும் மனநிலை அன்று இருந்திருக்காது என்பது என் எண்ணம். அதே படம் சுதந்திர தினத்தன்று தொலைக்காட்சியில் வரும்போது வீட்டில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் கதையும் இங்கே நினைவுக்கு வருகிறது. நியாயம் யார் பக்கம் என்பது தூத்துக்குடியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தும், கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து, இலவசமாக ஏற்றிச் செல்லவும் முன்வந்த வெள்ளைக்காரக் கம்பெனியால் நஷ்டத்தை நெடுநாள் தாங்க முடிந்தது. சுதேசிக் கம்பெனியால் முடியவில்லை.

தொலைக்காட்சியில் கிடைக்கும் பாராட்டைப் பற்றி உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2003 பொங்கலுக்கு வந்த ‘அன்பே சிவம்’ தியேட்டரில் தோற்று, பின்னர் தொலைக்காட்சி வழியாகவே ஊரெங்கும் நேசிக்கப்பட்டது. அந்த நேசத்தால் அன்று ஏரியா உரிமை வாங்கியிருந்தவர்களுக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பி வந்திருக்காது. தொலைக்காட்சி, ஓ.டி.டி. உரிமைகள் தயாரிப்பாளரைச் சேர்ந்தவை. நீங்கள் வாங்கப்போவது தென்காசி, தூத்துக்குடி உட்பட நான்கு மாவட்டத் தியேட்டர்களின் வசூலை மட்டும். தமிழ்நாட்டு ஏரியாக்களில் டி.கே. என்று சொல்லும் இந்தத் திருநெல்வேலி, கன்னியாகுமரி ஏரியா எப்போதுமே சிறியது. நாகர்கோவில் பக்கத்தில் மலையாளப் படங்களோடும் போட்டியிட வேண்டும். ஓ.டி.டி.யில் சில வாரங்களில் வந்துவிடும் என்று தெரிந்தவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவதும் உங்கள் கணக்கில்தான் விழும்.

இவ்வளவு எழுதியதால் நல்ல படமே ஓடாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம் நெல்லைச் சீமையிலேயே நடக்கும் ‘பரியேறும் பெருமாள்’, 2018 செப்டம்பரில் ‘செக்கச் சிவந்த வானம்’ வெளியான மறுநாள் வந்தது. பார்த்தவர்கள் சொல்லச் சொல்லக் கூட்டம் கூடி, வெற்றிப் படமாக நின்றது. அந்தச் சொல் ஊர் ஊராகப் போய்ச் சேரும்வரை அது திரையில் இருந்தது என்பதை முக்கியமாகக் கவனியுங்கள்.

ஆகவே உங்களுக்கு அந்தப் படத்தின் மேல் உண்மையான அன்பு இருந்தால், எம்.ஜி. முறையை விட்டுவிட்டுக் கமிஷன் முறையில் கேளுங்கள். எம்.ஜி. என்றால் வசூல் வந்தாலும் வராவிட்டாலும் பேசிய தொகை உங்கள் கையை விட்டுப் போனதுதான். கமிஷன் என்றால் படத்தைத் தியேட்டர்களில் போட்டுக் கொடுத்து, வரும் பங்கில் உங்கள் விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறீர்கள். முன்பணம் கொடுக்க நேர்ந்தாலும் அது இழந்தால் தாங்கக்கூடிய தொகையாக இருக்கட்டும், உரக்கடையின் சரக்குப் பணமும் அதில் கலக்க வேண்டாம். போஸ்டர் செலவும் டிஜிட்டல் திரையிடல் கட்டணமும் யார் தலையில் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நிறையத் தியேட்டர்களில் ஒவ்வொரு பகல் காட்சி கிடைப்பதைவிட, நாலைந்து ஊர்களில் மாலைக் காட்சியோடு இரண்டு வாரம் உறுதியாகக் கிடைப்பது உங்கள் படத்துக்கு நல்லது. பங்குனி உத்திரத்தை ஒட்டி வெளியிடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்; பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம், உத்திரத்தன்று நம் பக்கத்துக் குடும்பங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போய்விடும் என்பது சென்னையில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

உங்கள் கண் கலங்கியதை நான் நம்புகிறேன். ஆனால் அழைத்து, உட்கார வைத்து, இலவசமாகக் காட்டப்பட்ட படம் அது. கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் கவலையும் உங்களுக்கு அன்று இல்லை. அதே படத்தை, உறவோ நட்போ இல்லாத ஒரு பத்துப் பேருக்குத் திருநெல்வேலியில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முடிந்ததும் அவர்களிடம், வீட்டாரைக் கூட்டிக்கொண்டு பணம் கொடுத்து மறுபடி வருவீர்களா என்று கேளுங்கள். நண்பர் அதற்கு இசைந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தத்தின் நகலை எனக்கு அனுப்பி வையுங்கள். வரி வரியாகப் படித்துப் பதில் எழுதுகிறேன்.