கீமோதெரபி எடுத்தால் ஆண் ஹார்மோன் குறைந்து ஆண்மை போய்விடுமா?

பெரும்பாலும் போகாது. ஆனால் இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: ஹார்மோன் ஒன்று, விந்தணு ஒன்று. எனக்கும் இந்த வித்தியாசம் தெரியாமல்தான் இருந்தது. 27 வயதில் கழுத்தில் நெறி கட்டியது, ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். ஏபிவிடி என்ற மருந்துக் கூட்டு 6 சுழற்சி, மொத்தம் 12 தடவை ஏற்றிக்கொண்டேன். அதில் ஒன்று ரோஸ்மில்க் நிறத்தில் இருக்கும். அது ஏறிய அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும். முதல் தடவை ரத்தம் என்றே நினைத்துப் பயந்துவிட்டேன்.

விரைக்குள் இரண்டு வேலை நடக்கிறது. விந்தணு உற்பத்தி ஓயாத வேலை. அதற்கான செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும், ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள் ஆகும். வேகமாகப் பிரியும் செல் எதையும் கீமோ விடாது, தலைமுடி கொட்டுவதும் இதனால்தான். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும் லேடிக் செல்கள் அப்படி அடிக்கடி பிரிவதில்லை. அதனால் அவை பெரும்பாலும் தப்பிவிடும், அடி வாங்கினாலும் லேசாகத்தான்.

சிகிச்சை முடிந்து 4 மாதத்தில் எடுத்த என் ரிப்போர்ட்டில் இது அப்படியே தெரிந்தது. விந்தணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனான எஃப்எஸ்ஹெச் 21. அந்த லேபின் கணக்கில் 12-ஐத் தாண்டக் கூடாது. லேடிக் செல்களைத் தூண்டும் ஹார்மோனான எல்ஹெச் கொஞ்சம் அதிகம். டெஸ்டோஸ்டிரோன் 390, அதாவது இயல்பு. விந்துப் பரிசோதனையில் அணுவே இல்லை.

விந்தணு உற்பத்தி ஒழுங்காக நடக்கும்போது விரையிலிருந்து இன்ஹிபின் பி என்ற ஹார்மோன் போய், மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிடம் 'போதும்' என்று சொல்லும். உற்பத்தி படுத்துவிட்டால் அந்தத் தகவல் குறைந்துவிடும். பிட்யூட்டரி எஃப்எஸ்ஹெச்சைக் கூட்டிக்கொண்டே போகும். எல்ஹெச் ஏறியிருப்பது, களைத்துப்போன லேடிக் செல்களை அது அதட்டி வேலை வாங்குகிறது என்பதற்கு அடையாளம். மீசை இருந்தது, உடம்பில் தெம்பு இருந்த நாட்களில் ஆசையும் இருந்தது, அணு மட்டும்தான் இல்லை.

அப்புறம் ஒரு விஷயம், இதில் நானே மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். சோர்வாக இருக்கிறது என்று வீட்டுப் பக்கத்து டாக்டரிடம் போனால், ரிப்போர்ட்டைச் சரியாகப் பார்க்காமலே டெஸ்டோஸ்டிரோன் ஊசி எழுதிக்கொடுத்தார். புற்றுநோய் டாக்டரிடம் காட்டியதும், "தம்பி, குழந்தை வேணும்னா இதத் தொடாதீங்க" என்றார். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் பிட்யூட்டரி எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் இரண்டையும் நிறுத்திவிடும். மெல்ல எழுந்திருக்கப் பார்க்கும் விந்தணு உற்பத்தி மறுபடி படுத்துவிடும். டெஸ்டோஸ்டிரோன் நிஜமாகவே குறைந்திருந்தால் கவனிக்கத்தான் வேண்டும், எலும்புகூட பலவீனமாகும். ஆனால் காலை நேரத்து ரத்தத்தில், இரண்டு தடவை பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டிய சமாச்சாரம் அது.

விந்தணு உற்பத்தி யாருக்குத் திரும்பி வரும் என்பது மருந்தையும் அளவையும் பொறுத்தது. சைக்ளோபாஸ்பமைடு, புரோகார்பசின் போன்றவை அளவு கூடினால் நிரந்தரமாகவே நிறுத்திவிடக்கூடியவை. ஏபிவிடி அவ்வளவு மோசமில்லை. எனக்கு இரண்டு வருஷத்தில் எஃப்எஸ்ஹெச் 10-க்கு இறங்கியது, அணு எண்ணிக்கை ஒரு மில்லிலிட்டருக்கு 1.8 கோடி வந்தது. சிகிச்சை நடக்கும்போதும் முடிந்த பிறகு டாக்டர் சொல்லும் காலம் வரைக்கும் கருத்தடை அவசியம், அந்த நேரத்து அணுவில் மரபணுச் சேதம் இருக்கலாம்.

உங்களுக்கு இன்னும் கீமோ தொடங்கவில்லை என்றால், முதல் பாட்டில் ஏறுவதற்கு முன்பே விந்தணுவைச் சேமித்துவிடுங்கள். இதை என் டாக்டர் சொன்னபோது அப்பாவும் அறையில் இருந்தார். அவர் சுவரிலிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும், "எவ்வளவு ஆகுமாம்?" என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு தடவை போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் வைத்திருக்கிறார்கள். இன்னும் தேவைப்படவில்லை. வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும், எனக்கு மறந்துவிடும். அப்பாதான் போன் பண்ணி, "அந்த பில்லைக் கட்டிட்டியாப்பா?" என்பார். எந்த பில் என்று இதுவரை அவர் சொன்னதில்லை.