அமீன் எந்தக் கார்பனுக்குப் போகும்?

அன்புள்ள ஐயா,

எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கிறேன். இரட்டைப் பிணைப்பை ஒட்டிய கார்பனைல் (C=O) சேர்மங்களில் கிரிக்னார்டு (கரிம மெக்னீசியச் சேர்மம்) கார்பனைலைத் தாக்கும், அமீன் (நைட்ரஜன் உள்ள சேர்மம்) பீட்டா கார்பனை, அதாவது இரட்டைப் பிணைப்பின் தூர முனைக் கார்பனைத் தாக்கும், இது 1,4-சேர்க்கை (ஆக்சிஜனை 1 என எண்ணினால் அந்தக் கார்பன் 4) என்று வகுப்பில் எழுதிப்போட்டார்கள். ஆய்வகத்தில் சின்னமால்டிஹைடையும் அனிலின் என்ற அமீனையும் எத்தனாலில் கலந்தால் மஞ்சள் படிகம் வந்தது. அது இமீன் (C=N பிணைப்புள்ள சேர்மம்), அமீன் கார்பனைலுக்குத்தான் போயிருக்கிறது என்கிறார் ஆய்வக ஆசிரியர். தேர்வில் எதை எழுதுவது?

ர.

அன்புள்ள ர.,

ஆய்வக ஆசிரியர் சொன்னது சரி. வகுப்பில் சொன்னதும் தப்பில்லை, ஆனால் பாதிதான். கிரிக்னார்டு கார்பனைலில் ஒட்டிவிட்டால் திரும்பாது. எந்தப் பக்கம் வேகமோ அதுவே முடிவு. அமீன் அப்படியல்ல. கார்பனைலில் சேரும், கழலும். பீட்டா கார்பனில் சேர்ந்தாலும் பல நேரம் கழன்று வர முடியும். கடைசியில் எது மிஞ்சும் என்பதுதான் கேள்வி.

சின்னமால்டிஹைடில் ஆல்டிஹைடு நெருக்கடி இல்லாத, சுறுசுறுப்பான கார்பனைல். பீட்டா கார்பனிலோ ஒரு பென்சீன் வளையம் உட்கார்ந்திருக்கிறது. அங்கே அமீன் சேர்ந்தால் வளையம் முதல் கார்பனைல் வரை தொடரும் எலக்ட்ரான் சங்கிலி அறுந்துபோகும். இமீன் ஆனால் அந்தச் சங்கிலி அனிலினின் வளையம் வரை நீளும். மஞ்சள் நிறம் அதனால்தான். போதாக்குறைக்கு இமீன் படிகமாகிக் கரைசலை விட்டே வெளியேறிவிடுகிறது, சமநிலையும் அந்தப் பக்கம் நகர்கிறது.

மெத்தில் வினைல் கீட்டோனில் பீட்டா கார்பன் திறந்து கிடக்கிறது, கீட்டோனும் ஆல்டிஹைடைவிட மந்தம். அங்கே 1,4 சுலபம்.

இன்னும் நல்ல ஜோடி அக்ரிலாயில் குளோரைடும் மெத்தில் அக்ரிலேட்டும். இரண்டிலும் அதே மூன்று கார்பன். குளோரைடில் அமீன் நேரே கார்பனைலுக்குப் போய், குளோரினை வெளியேற்றி, அமைடு (கார்பனைலோடு நைட்ரஜன் இணைந்த சேர்மம்) ஆகிவிடும். மெத்தில் அக்ரிலேட் ஓர் எஸ்டர்; அதில் அறை வெப்பநிலையில் அமீன் பீட்டா கார்பனுக்குப் போகும்.

எஸ்டர் கார்பனைல் மந்தம்தானே தவிர, செத்ததல்ல. டௌ கெமிக்கலில் டொனால்டு டோமாலியா குழு இந்த வேக வித்தியாசத்தை வைத்தே கிளைகிளையாக வளரும் 'பாமாம்' டென்ட்ரிமர்களை (மரம்போலக் கிளைத்த மூலக்கூறுகளை) கட்டியது; 1985-இல் ஆய்வுக்கட்டுரை வந்தது. எத்திலீன் டைஅமீனோடு மெத்தில் அக்ரிலேட்டை அதிகமாகச் சேர்த்தால் நான்கு 1,4-சேர்க்கைகள் நடந்து நான்கு எஸ்டர் முனைகள். அப்புறம் எத்திலீன் டைஅமீனை அதிகமாக ஊற்றிக் காத்திருந்தால் அதே அமீன் இப்போது எஸ்டர் கார்பனைலைத் தாக்கி அமைடு தருகிறது. நான்கு அமீன் முனைகள். அடுத்த சுற்றில் எட்டு, பிறகு பதினாறு. அவசரப்பட்டுச் சூடேற்றினால் முதலில் போட்ட 1,4-சேர்க்கை கழன்று, கிளைகள் உதிரத் தொடங்கும். எனக்கு இந்த வேதியியலில் மிகவும் பிடித்த இடம் இது.

தேர்வில் வினைபடுபொருளைப் பார்த்து எழுதுங்கள். சின்னமால்டிஹைடும் அனிலினும் என்றால் இமீன். மெத்தில் அக்ரிலேட் என்றால் 1,4. 'அமீன் எங்கே தாக்கும்' என்று மொட்டையாகக் கேட்டால் அது கேள்வியின் குறை. மார்க்குக்காக 1,4 என்று எழுதிவிட்டு வாருங்கள்.

முடிந்தால் அந்தப் படிகத்தைப் புரோட்டான் என்.எம்.ஆர். (ஹைட்ரஜன் அணுக்களின் சூழலைக் காட்டும் நிறமாலை) எடுத்துப் பாருங்கள். 9.7 பி.பி.எம். அருகே ஆல்டிஹைடு புரோட்டான் காணாமல் போய், 8.3 அருகே புதிதாக ஒன்று இரட்டையாகப் பிளந்து நிற்கும்.