அழுத்தியும் பதில் சொல்லாத பொத்தான்: ஜூபிட்டர் நோட்புக்கில் கோளாறைத் தேடும் முறை

கேள்வி: உலாவியில் பைத்தான் நிரல் எழுதி ஓட்டும் ஜூபிட்டர்லேப்பில், பொத்தான், பெட்டி போன்றவற்றை உருவாக்கும் ஐபைவிட்ஜெட்ஸ் தொகுப்பைக் கொண்டு ஒரு பொத்தான் அமைத்திருக்கிறேன். அழுத்தினால், எழுத்துப் பெட்டியில் உள்ளதை ஒரு கோப்பில் ஒரு வரியாகச் சேர்த்து, முழு அட்டவணையையும் காட்ட வேண்டும். அதற்காக ஃபங்ஷனின் கடைசி வரியில் அட்டவணையின் பெயரை எழுதியிருக்கிறேன். பொத்தானை உருவாக்கும் வரி ஒரு செல்லிலும் (நோட்புக்கில் தனியாக ஓட்டக்கூடிய நிரல் பகுதி), ஃபங்ஷனும் அதை இணைக்கும் வரியும் அடுத்த செல்லிலும் உள்ளன. அழுத்தினால் திரையில் எதுவும் வருவதில்லை, பிழைச்செய்தியும் இல்லை. அடுத்த செல்லை மேலும் இரண்டு முறை ஓட்டி, மறுபடி அழுத்தினேன். கோப்பைத் திறந்து பார்த்தால், கடைசியாக அழுத்தியபோது ஒரே வரி மூன்று முறை சேர்ந்திருக்கிறது. கிளிக் நிகழ்வு ஏன் சரியாக வேலை செய்யவில்லை?

பதில்: கோப்பில் வரிகள் சேர்ந்திருப்பதால், கிளிக் நிகழ்வு வேலை செய்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். உங்கள் அழுத்தம், பின்னணியில் நிரலை ஓட்டும் கெர்னலைச் சென்றடைந்தது, ஃபங்ஷனும் ஓடியது. ஓடியதன் விளைவு உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவே. பொத்தான் பற்றிய குழப்பங்களில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது: திரை அமைதியாக இருப்பதைப் பார்த்து, நிரல் ஓடவில்லை என்று முடிவு செய்துவிடுகிறோம்.

ஒரு செல்லை ஓட்டும்போது அதிலிருந்து வரும் ஒவ்வொரு வெளியீடும், எந்தச் செல்லின் வேண்டுகோளால் அது பிறந்தது என்ற அடையாளத்தோடு வருவதால், உலாவி அதை அந்தச் செல்லின் கீழேயே வைக்கிறது. பொத்தானை அழுத்தும்போது நடப்பது வேறு. உலாவியிலிருந்து கெர்னலுக்கு ஒரு தனிச் செய்தி போகிறது. அந்தச் செய்திக்குப் பதிலாக ஓடும் ஃபங்ஷன் எந்தச் செல்லுக்கும் உரியதன்று. எனவே அதன் பிரிண்ட் வரிகளையும் பிழைச்செய்திகளையும் எங்கே வைப்பது என்று ஜூபிட்டர்லேப்புக்குத் தெரியாது. எந்தச் செல்லின் கீழும் அவை வராது. வியூ பட்டியலில் உள்ள லாக் கன்சோலைத் திறந்தால் பெரும்பாலும் அவை அங்கே இருக்கும். உங்கள் கடைசி வரிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு மாறியின் பெயரை மட்டும் எழுதினால் அதன் மதிப்பைக் காட்டுவது செல்லின் கடைசி வரிக்கு மட்டுமே உள்ள சலுகை. ஃபங்ஷனுக்குள் அந்த வரியால் எந்தப் பயனும் இல்லை. ரிட்டர்ன் சேர்த்தாலும், திரும்பி வரும் மதிப்பை, ஃபங்ஷனைப் பொத்தானோடு இணைக்கும் ஆன்_கிளிக் பயன்படுத்துவதில்லை.

இதற்குத் தீர்வு அவுட்புட் விட்ஜெட், அதாவது வெளியீட்டைத் தனக்குள் வாங்கிக் காட்டும் திரைப்பகுதி. அதை ஒன்று உருவாக்கி, பொத்தானோடு சேர்த்துத் திரையில் இடுங்கள்; ஃபங்ஷனின் உடல் முழுவதையும் அந்த அவுட்புட்டின் வித் தொகுதிக்குள் எழுதி, அட்டவணையை டிஸ்பிளே கொண்டு வெளிப்படையாகக் காட்டுங்கள். ‘முழுவதையும்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. காட்டும் வரியை மட்டும் உள்ளே வைத்தால், அதற்கு முன்பு கோப்பைப் படிக்கும்போது நேரும் பிழை மறுபடியும் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். ஃபங்ஷனின் தலையில் அந்த அவுட்புட்டின் கேப்சர் அலங்கரிப்பானை (டெஃப் வரிக்கு மேலே @ குறியோடு எழுதும் வரி) வைப்பது இன்னும் எளிது. அதில் கிளியர்_அவுட்புட் என்பதை ட்ரூ என்று கொடுத்தால், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பழைய வெளியீடு அழிந்து புதியது வரும்.

அடுத்து, மூன்று வரிகள். ஆன்_கிளிக் ஏற்கெனவே இணைந்திருப்பதை நீக்கிவிட்டுப் புதியதை வைப்பதில்லை; பட்டியலில் சேர்த்துக்கொண்டே போகிறது. அதே ஃபங்ஷனை இரண்டாம் முறை கொடுத்தால் அது சேர்க்காது என்பது உண்மைதான். ஆனால் செல்லை மறுபடி ஓட்டும்போது டெஃப் வரியும் ஓடுகிறது; அதே பெயரில் ஒரு புதிய ஃபங்ஷன் பிறக்கிறது; பைத்தானின் பார்வையில் அது வேறு பொருள். மூன்று முறை ஓட்டிய பின் ஒரே பொத்தானில் மூன்று ஃபங்ஷன்கள் தொங்குகின்றன. ரிமூவ் என்பதை ட்ரூ ஆக்கி ஆன்_கிளிக்கை அழைத்தால் நீக்கலாம் என்றாலும், பெயர் இப்போது கடைசி ஃபங்ஷனையே சுட்டுவதால் பழைய இரண்டையும் அந்த வழியில் பிடிக்க இயலாது. பொத்தானை உருவாக்குதல், ஃபங்ஷனை வரையறுத்தல், இணைத்தல் ஆகிய மூன்றையும் ஒரே செல்லில் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் புதுப் பொத்தான் பிறக்கும், பழைய சுமை ஒட்டாது. இதன் மறுபக்கமும் பலரை அலைக்கழிப்பதுண்டு: ஃபங்ஷனைத் திருத்தி அதன் செல்லை மட்டும் ஓட்டிவிட்டு, மறுபடி இணைக்க மறந்தால், பொத்தான் பழைய ஃபங்ஷனையே ஓட்டும்.

இனி எப்போது ஐயம் வந்தாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. அதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பேன். ஒரு தனிச் செல்லில் பொத்தானின் கிளிக் என்ற மெத்தடை நிரல்வழியே அழையுங்கள். அழைப்பு ஒரு செல்லிலிருந்து வருவதால் பிரிண்ட் வரிகளும் பிழைச்செய்தியும் அந்தச் செல்லின் கீழேயே வந்து நிற்கும் (ஃபங்ஷனை அவுட்புட் விட்ஜெட்டுக்குள் வைத்திருந்தால், அந்த விட்ஜெட்டில்). அங்கே பிழை வந்தால் கோளாறு உங்கள் நிரலில் இருக்கிறது. பிழையின்றி ஓடி, சுட்டியால் அழுத்தும்போது மட்டும் கோப்பில்கூட மாற்றம் இல்லை என்றால், கோளாறு உலாவிக்கும் கெர்னலுக்கும் இடையே இருக்கிறது. பொத்தானின் பெயரே தெரியாது என்று பைத்தான் சொன்னால், கெர்னல் மறுதொடக்கம் ஆகியிருக்கும். திரையில் இருப்பது உயிரற்ற படம் மட்டுமே. செல்களை மறுபடி ஓட்டினால் போதும்.

இந்தச் சோதனையில் அடிக்கடி வெளிவரும் பிழைகள் சில. இணைக்கும்போது ஃபங்ஷனின் பெயருக்குப் பின் அடைப்புக்குறி போட்டால், அது அங்கேயே ஓடிவிடும். பொத்தானுக்கு வெறும் நன் (None, வெற்று மதிப்பு) மட்டுமே போய்ச் சேரும். ஃபங்ஷன் ஓர் அளபுருவை ஏற்க வேண்டும், ஏனெனில் அழுத்தப்பட்ட பொத்தானே அதற்கு அனுப்பப்படுகிறது. வெளியே உள்ள எண்ணியை உள்ளே கூட்ட முயன்றால் குளோபல் அறிவிப்பு தேவை. சுழலுக்குள் பல பொத்தான்களை லேம்ப்டா (பெயரற்ற சிறு ஃபங்ஷன்) கொண்டு இணைத்தால், எல்லாமே சுழலின் கடைசி மதிப்பையே காட்டும். லேம்ப்டாவின் அளபுருவில் அந்த மதிப்பை இயல்புநிலையாகக் கொடுத்து அப்போதே கட்டிவிட வேண்டும். அழுத்தும்தோறும் நிலை மாறி நிற்கும் டாகிள் பொத்தானுக்கு ஆன்_கிளிக் கிடையாது, அதற்கு மதிப்பின் மாற்றத்தைக் கவனிக்கும் அப்சர்வ்.

கெர்னல் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். ‘பொத்தானை அழுத்தும் வரை காத்திரு’ என்று ஒரு செல்லில் வைல் சுழல் எழுதினால், அந்தச் சுழல் முடியும் வரை கிளிக் செய்தி வரிசையில் நிற்கும். கிளிக் வரும் வரை சுழல் முடியாது. காத்திருப்புக்குப் பின் நடக்க வேண்டியதைக் கிளிக் ஃபங்ஷனுக்குள்ளேயே எழுதுவதுதான் சரியான வழி. ஃபங்ஷன் நீண்ட நேரம் ஓடுவதாக இருந்தால், அதற்குள் பயனர் பொறுமையிழந்து அழுத்தும் ஒவ்வொரு அழுத்தமும் வரிசையில் சேர்ந்து, பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி, உங்கள் கோப்பில் மறுபடியும் ஒரே வரியைப் பலமுறை எழுதும். ஃபங்ஷனின் முதல் வரியிலேயே பொத்தானின் டிசேபிள்ட் பண்பை ட்ரூ ஆக்குங்கள். அதை மீண்டும் ஃபால்ஸ் ஆக்கும் வரியை, பிழை வந்தாலும் ஓடும் ஃபைனலி பகுதியில் வையுங்கள். இல்லையெனில் நடுவில் ஒரு பிழை நேர்ந்த அன்று பொத்தான் நிரந்தரமாக மங்கிப்போய் நிற்கும்.