மாடியில் ஹாட் டப்புக்கு வயரிங்: விழுகிற ஆர்சிசிபியைக் கழற்ற விடாதீர்கள்

மதுரையில் கட்டுகிற வீட்டு மொட்டை மாடியில் ஹாட் டப் (உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டி) வைக்க வயரிங்கில் என்ன கவனிக்கணும் என்று கேட்டிருக்கிறீர்கள். பூச்சு வேலை இன்னும் முடிந்திருக்காது என்று நினைத்துச் சொல்கிறேன். முடிந்திருந்தால் சுவரை வெட்ட வேண்டியிருக்கும், தயங்காமல் வெட்டுங்கள்.

எங்கள் வீடு நாகமலை புதுக்கோட்டையில். அம்மாவுக்கு மூட்டு வலி. அதற்காக 3 கிலோவாட் ஹீட்டர் வைத்த தொட்டி ஒன்றை மாடியில் போட்டேன். இந்த ஊர் வெயிலுக்கு இது தேவையா என்று கேட்பவர்கள், முட்டி வலியோடு படி ஏறுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

போட்ட வாரமே ஆர்சிசிபி, அதாவது மின்சாரம் கசிந்தால் தானே லைனை அணைக்கும் சுவிட்ச், விழ (தானே அணைய) ஆரம்பித்தது. வயரிங் பார்த்தவர், "ஈரத்துக்கு அப்படித்தான் சார் விழும், எம்சிபி இருக்குல்ல" என்று அதைக் கழற்றிவிட்டு நேராக லைன் கொடுத்தார். நானும் சரி என்றேன். என் தப்பு அது.

சித்திரை மாதம். தொட்டிக்குள் இருந்த அம்மா ஸ்டீல் கைப்பிடியைத் தொட்டதும் கையை உதறிக்கொண்டு அலறினார். ஓடிப்போய் மெயினை அணைத்த பிறகுதான் அவரைத் தூக்கினேன். நல்லவேளை, கைவிரல் மரத்ததோடு போயிற்று.

ஹீட்டரின் கம்பிச் சுருளிலிருந்து மின்சாரம் கசிந்திருக்கிறது. எர்த் குழியோ பாறை மண்ணில், கோடையில் சுக்காகக் காய்ந்து கிடந்தது. கசிந்த மின்சாரம் மண்ணுக்குப் போக வழியில்லை. எங்கள் எம்சிபி 20 ஆம்பியருக்கு மேல் போனால்தான் விழும். வயர் சூடாகாமல் காப்பதுதான் அதன் வேலை. ஆளைக் கொல்ல ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு (100 மில்லிஆம்பியர்) போதும். 30 மில்லிஆம்பியருக்குள் விழுகிற ஆர்சிசிபி மட்டுமே ஆளைக் காப்பாற்றும். அதைத்தான் கழற்றியிருந்தோம்.

எலக்ட்ரீஷியன்களைத் திட்டுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். கசிவைக் கண்டுபிடித்ததே நாற்பது வருஷம் வயரிங் வேலை பார்த்த என் தாய்மாமாதான்.

மாமா செய்து கொடுத்தது இது: வீட்டு லைன்கள் பிரிகிற டிபி பாக்ஸிலிருந்து டப்புக்கென்றே தனி லைன், தனி ஆர்சிசிபி. 3 கிலோவாட் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும், அதற்கு 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு வயர். நீங்கள் 6 கிலோவாட் வாங்கினால் 10 ஸ்கொயர் போடச் சொல்லுங்கள். மாடி வெயிலில் வயர் போகிற பைப் கொதிக்கும்போது வயர் தாங்கும் அளவு குறையும். வாசலில் புது எர்த் குழி தோண்டி, கைப்பிடி, இரும்புக் குழாய் எல்லாவற்றையும் எர்த்தோடு சேர்த்துக் கட்டினார். சுவிட்ச், தண்ணீரில் இருப்பவர் கைக்கு எட்டாத இடத்தில். மின் இணைப்பின் லோடையும் கூட்டி வாங்குங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீரே ஒரு டன், அதனால் தளம் தாங்குமா என்று இன்ஜினியரிடம் கேளுங்கள்.

   

அம்மா இப்போது மறுபடி தொட்டியில் உட்காருகிறார். இறங்குமுன் "டெஸ்ட் பட்டனை அமுக்குனியா?" என்று கேட்பார். நான் அமுக்கி, ஆர்சிசிபி விழுந்த சத்தம் அவர் காதில் கேட்டால்தான் காலை வைப்பார்.