கையெழுத்துப் போட யார் வருவார்?

கேள்வி: எனக்கு வயது 46. திருமணம் செய்துகொள்ளவில்லை. பெற்றோர் காலமான பிறகு மன்னார்குடிக்கு அருகே எங்கள் ஓட்டு வீட்டில் தனியாக வசிக்கிறேன். அண்மையில் பித்தப்பைக் கல்லுக்காகத் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றபோது, ‘கணவரோ உடன்பிறந்தவரோ கையெழுத்துப் போட்டால்தான் ஆபரேஷன்’ என்று சொல்லிவிட்டார்கள். சென்னையிலிருந்து தம்பி வந்து சேரும் வரை வலியோடு கிடந்தேன். உடனிருந்து கஞ்சி வைத்துக் கொடுத்த சித்தி மகளின் கையெழுத்தை ஏற்கவில்லை. ‘கடைசிக் காலத்தில் உன்னை யார் பார்ப்பார்கள்?’ என்று ஊரும் கேட்கிறது. என் பங்கான நான்கு மா நன்செயையாவது அவளுக்குக் கொடுக்க முடியுமா?
– ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: சகோதரி, உங்களைக் காக்க வைத்தது தவறு. தெளிந்த நினைவோடு இருக்கும் வயதுவந்த ஒருவரின் சிகிச்சைக்கு அவருடைய சம்மதமே சட்டப்படி போதும். 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், மணமாகாத 44 வயதுப் பெண் மயக்கத்தில் இருந்த வேளையில் அவருடைய தாயாரிடம் ஒப்புதல் பெற்றுக் கர்ப்பப்பையை அகற்றியிருந்தார்கள். பெற்ற தாயே கொடுத்தாலும் அந்தச் சம்மதம் செல்லாது என்று நீதிமன்றம் கூறியது. பில் கட்டவும் அவசரத்துக்கு அழைக்கவும் ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகவே பெரும்பாலும் ‘கூட யார்?’ என்று கேட்கிறார்கள். அடுத்த முறை சேர்க்கைப் படிவத்தில், தயங்காமல், சித்தி மகளைத் தங்கை என்றே எழுதுங்கள். நம் முறைப்படி அவள் தங்கைதானே.

நிலத்துக்கு அந்த முறை உதவாது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, நீங்கள் உயில் எழுதாமல் இறந்தால் பெற்றோர் வழி வந்த நிலம் தந்தையின் வாரிசான தம்பிக்கே போகும். ஆகவே உயில் எழுதுங்கள். முத்திரைத்தாள் தேவையில்லை, நீங்கள் கையெழுத்திடுவதை நேரில் பார்த்து இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்டால் போதும். பதிவு கட்டாயமில்லை என்றாலும், பின்னால் வம்பு வராமலிருக்கச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். பட்டா இன்னும் கூட்டாக இருந்தால், தம்பியோடு மனத்தாங்கல் இல்லாத இப்போதே பாகப்பிரிவினையை முடித்துத் தனிப்பட்டா வாங்குங்கள். உயிலைப் பற்றியும் அவரிடம் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனித்து வாழும் முதியவர்கள் நம் டெல்டாவில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். மணமாகாததை மட்டும் குறையாகச் சொல்லும் அந்த ஊர்க்கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. வங்கிக் கணக்கில் சித்தி மகளை நாமினியாக நியமித்தால், அது பணத்தைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரம் மட்டுமே. அந்தப் பணம் அவளுக்கே சேர வேண்டுமானால் உயிலில் அந்தத் தொகையையும் குறிப்பிடுங்கள்.