கேளுங்க அண்ணாச்சி: அடுக்களைச் சுவரை இடிக்கலாமா?

கேள்வி: அண்ணாச்சி, எங்களுடையது மாமனாரின் அப்பா கட்டிய மட்டப்பா (தட்டையான பழைய காலத்துக் கூரை) வீடு. கிழக்குப் பார்த்த வாசல், தார்சா என்கிற முன்கூடம், பட்டாசாலை என்கிற நடுக்கூடம், அரங்கு என்கிற உள்ளறை, கடைசியில் அடுக்களை, அப்புறம் புறவாசல். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர். பகலிலும் லைட் போட்டால்தான் உப்பு எது சீனி எது என்று தெரிகிறது. அரங்குக்கும் அடுக்களைக்கும் நடுவில் இருக்கிற சுவரை இடித்து ஓப்பன் கிச்சன் ஆக்கிவிடலாம் என்கிறான் மகன். மீன் பொரித்தால் தார்சா வரைக்கும் வாடை வரும் என்கிறார்கள் அத்தை. யார் பேச்சைக் கேட்பது?
- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தங்கச்சி, முதலில் மகனைக் கடப்பாரையைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். மட்டப்பா என்பது மரக்கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் செங்கலைச் சுண்ணாம்பில் செங்குத்தாக அடுக்கியது. அந்தக் கட்டைகளின் நுனி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அண்ணாந்து பாருங்கள். பக்கத்துச் சுவர்களில் என்றால் கொஞ்சம் நிம்மதி. நடுவே ஒரு உத்திரம் ஓடி, அது நீங்கள் இடிக்க நினைக்கிற சுவரில் தாங்கியிருந்தால், சுவரோடு மட்டப்பாவும் சேர்ந்து இறங்கிவிடும். அப்படி இருந்தால் கொத்தனார் சொல்கிறார் என்று ஆரம்பிக்காமல் ஒரு இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டி, முட்டுக் கொடுத்து, இரும்பு கர்டர் ஏற்றிய பிறகுதான் ஒரு செங்கலைக்கூட உருவ வேண்டும்.

என்னைக் கேட்டால் முழுச் சுவரையும் எடுக்கவே வேண்டாம். இரண்டு ஓரமும் அப்படியே இருக்கட்டும், நடுவில் மட்டும் ஒரு நாலைந்து அடி திறந்து, கீழே மூன்றடிச் சுவரை விட்டு அதன்மேல் கடப்பைக்கல் போட்டால் சோறு குழம்பை அந்தப் பக்கம் எடுத்துக் கொடுக்கலாம், அரங்கில் பிள்ளை படிப்பதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வெளிச்சம் இதனால் வராது, அரங்கே இருட்டுதானே! வெளிச்சத்துக்கு மட்டப்பாவில்தான் திறக்க வேண்டும்: இரண்டு கட்டைகளுக்கு நடுவில், கட்டையை வெட்டாமல், சுற்றிலும் அரையடி வரம்பு கட்டிக் கண்ணாடி.

வாடை விஷயத்தில் உங்கள் அத்தை பக்கம்தான் நான். கிழக்கு வாசல் என்றால் அடுக்களை மேற்கே. ஆனி ஆடியில் அடிக்கிற மேற்குக் காற்று புறவாசல் வழியாக நுழைந்து புகையை நேராகப் பட்டாசாலைக்குத் தள்ளும். மேற்குச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் அது காற்றோடு மல்லுக்கு நிற்கும், அவ்வளவுதான். சிம்னியை அடுப்புக்கு மேலே இரண்டு, இரண்டரை அடி உயரத்தில் மாட்டி, குழாயை வளைக்காமல் மட்டப்பாவுக்கு மேலே கொண்டுபோய்விடுங்கள். மீன் பொரிக்க மட்டும் புறவாசலில் ஒரு சாய்ப்பு இறக்கி அடுப்பு போட்டுக் கொடுங்கள். அம்மி, ஆட்டுரல், பெரிய பாத்திரம் கழுவுகிற அங்கணம் எல்லாம் அங்கேயே இருக்கட்டும்.

அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றும் ஒன்றுக்கொன்று நாலடிக்குக் குறையாமல் ஒன்பதடிக்கு மிஞ்சாமல் இருந்தால் கால் வலிக்காது. நீங்களும் அத்தையும் சேர்ந்து நிற்பதால் நடக்கிற இடம் நாலடி வேண்டும். மேடை உயரத்தைக் கடைக்காரர் சொல்கிற கணக்கில் போடாதீர்கள், அதிகம் சமைக்கிறவரின் முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே இருந்தால் போதும். சிலிண்டரை அழகுக்காகக் கதவு போட்டு அடைக்காதீர்கள், கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடுதான் தேங்கும். கதவு வேண்டும்தான் என்றால் அடியில் காற்றுப் போக வழி விடுங்கள்.

இடிக்கும் முன்னால் தரையில் சாக்பீஸால் எல்லாவற்றையும் வரைந்து, அத்தையை ஒருநாள் அதற்குள் நின்று பார்க்கச் சொல்லுங்கள். மட்டப்பாவில் துளை போடுகிற வேலையை மட்டும் ஐப்பசி அடைமழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும்.