அந்த வசனத்தை நான் பேசித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: எங்கள் குழுவின் புதிய நாடகத்தில் எனக்குத்தான் முதன்மை வேடம். என் பாத்திரம் தன் ஊர் மக்களையே சாதிப் பெயர் சொல்லி இழிவாகப் பேசுகிறது. அது என் சாதியின் பெயர். ஒத்திகையில் அந்த இடம் வரும்போதெல்லாம் வேறு சொல் போட்டுப் பேசிவிடுகிறேன். “பிரதியில் கை வைத்தால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன்” என்கிறார் நாடகத்தை எழுதி இயக்கும் அண்ணன். இப்படி ஒரு வேடம் இனி எனக்குக் கிடைக்குமா என்று பயமாக இருக்கிறது. நான் செய்வது தவறா?
(பெயர் வேண்டாம், மதுரை)

பதில்: அன்புத் தம்பிக்கு,

உங்கள் மறுப்பில் ஒரு தவறும் இல்லை. ஆனால் அதை நீங்கள் காட்டும் விதம்தான் எனக்குக் கவலை தருகிறது. உங்களைப் போலவே இந்தச் சிக்கலில் மாட்டிய ஒரு நடிகரைப் பற்றிச் சொல்கிறேன்.

சார்லஸ் கில்பின். 1878இல் அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்டில் பிறந்த கறுப்பர். பாட்டுக் குழுக்களோடு ஊர் ஊராகப் போனார், சிகாகோவிலும் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலும் கறுப்பர்கள் நடத்திய நாடக அரங்குகளில் நடித்தார். அந்த வருமானம் போதவில்லை. அச்சகம், முடிதிருத்தகம், ரயில், லிஃப்ட் என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார். நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் உள்ள பிராட்வேயில் அவருக்கு முதல் வேடம் கிடைத்தது 1919இல். அப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஆபிரகாம் லிங்கன் பற்றிய நாடகத்தில் ஒரு பாதிரியார் வேடம், சின்னதுதான்.

அடுத்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி, அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓநீல் எழுதிய ‘தி எம்பெரர் ஜோன்ஸ்’ நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில் ஒரு சிறிய அரங்கில் மேடையேறியது. சிறையிலிருந்து தப்பி, ஒரு கரீபியத் தீவில் தன்னைச் சக்கரவர்த்தி ஆக்கிக்கொண்ட புரூட்டஸ் ஜோன்ஸ் என்ற கறுப்பரின் கதை. ஜோன்ஸாக நடித்தவர் கில்பின். மக்கள் கிளர்ந்தெழ, இரவோடு இரவாகக் காட்டுக்குள் ஓடுகிறான். தூரத்தில் முரசு ஒலிக்கத் தொடங்குகிறது. முதலில் மனித நாடித்துடிப்பின் வேகம், நிமிடத்துக்கு 72 அடி. போகப் போக அது ஏறிக்கொண்டே இருக்கும். மொத்தம் எட்டுக் காட்சிகள். நடுவில் உள்ள ஆறிலும் பேசுவது ஏறக்குறைய அந்த ஒரே ஆள்தான். தனி நடிகர் ஒருவர் தோளில் இவ்வளவு பாரத்தை ஏற்றிய நாடகங்கள் குறைவு. கறுப்பு நடிகருக்கு அமெரிக்க மேடையில் அதுவரை இப்படி ஒரு வேடம் வாய்த்ததே இல்லை என்றுகூடச் சொல்லலாம். நாடகம் பிராட்வேக்குப் போய் இருநூறு முறைக்கு மேல் மேடையேறியது.

1921இல் டிராமா லீக் என்ற அமைப்பு, அமெரிக்க நாடகத்துக்கு அந்த ஆண்டு அதிகம் செய்த பத்துப் பேரில் ஒருவராகக் கில்பினைத் தேர்ந்தெடுத்தது. வெள்ளையர்களோடு ஒரே விருந்தில் அவர் உட்காருவதா என்று சிலர் எதிர்த்தார்கள். அழைப்பை அவராகவே மறுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தவர்களும் உண்டு. அவர் மறுக்கவில்லை, போனார். அரங்கம் வெகுநேரம் கைதட்டியது. அவருக்கு ஆதரவாக நின்ற கலைஞர்களில் ஓநீலும் ஒருவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரச்சினை வசனத்தில் இருந்தது. கறுப்பர்களை இழிவுபடுத்தும் அந்தச் சொல் பிரதி முழுக்கக் கிடந்தது. பல இடங்களில் ஜோன்ஸே தீவு மக்களைப் பார்த்துச் சொல்வான். பெரும்பாலும் வெள்ளையர்கள் நிறைந்த அரங்கில், காட்சிக்குக் காட்சி, தன் வாயாலேயே தன் இனத்தை ஏச வேண்டும். கில்பின் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு மரியாதையான சொற்களைப் போட்டுப் பேச ஆரம்பித்தார். ஓநீல் கொதித்துப்போனார், இன்னொரு முறை மாற்றினால் அடிப்பேன் என்று மிரட்டியதாகவும் சொல்கிறார்கள். கில்பின் குடிக்கிறார் என்ற புகாரும் சேர்ந்துகொண்டது. 1924இல் நாடகம் நியூயார்க்கில் மறுபடி மேடையேறியபோது வேடம் பால் ராப்சன் என்ற இளம் கறுப்பு நடிகருக்குப் போனது. 1925இல் லண்டனுக்கும் ராப்சன்தான் போனார். கில்பின் 1926இல் ஜோன்ஸாக மறுபடி நடித்தார், ஆனால் பழைய நிலைமை திரும்பவில்லை. குரல் கெட்டது. 1930இல், 51 வயதில் இறந்தார்.

1946இல், தன் நாடகங்களை எல்லாம் திரும்பிப் பார்த்த ஓநீல், ஒரு பாத்திரத்தைத் தான் மனதில் கண்டபடி முழுமையாக நடித்துக் காட்டியவர் கில்பின் ஒருவரே என்று சொன்னார். அதைக் கேட்க கில்பின் இல்லை. எனக்கு இது இன்றைக்கும் ஆறாத விஷயம்.

கில்பின் கேட்டது நியாயம். அவரிடம் இல்லாதது துணையும் மாற்று வழியும். அந்தத் தரத்தில் இன்னொரு வேடத்தை அவருக்குத் தர அன்றைய பிராட்வேயில் ஆள் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் அவரைவிட நல்ல நிலையில் இருக்கிறீர்கள் தம்பி. வேறு குழுக்கள் இருக்கின்றன, நீங்களே நாலு பேரைச் சேர்த்து ஒரு நாடகம் போடவும் முடியும்.

ஒத்திகையில் சொல்லாமல் மாற்றிப் பேசுவதை நிறுத்துங்கள். அது உங்கள் நியாயமான கேள்வியை ஒழுங்கீனப் புகாராக மாற்றிவிடும். பிரதியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். அந்தச் சொல் வரும் ஒவ்வொரு இடத்திலும் யார், யாரிடம், எதற்காகச் சொல்கிறார் என்று எழுதுங்கள். அடக்குகிறவன் வாயில் வரும்போது பார்வையாளருக்கு அந்தக் கொடுமை விளங்கலாம். உங்கள் பாத்திரம் பழக்கத்தில் சொல்லிப் போகும் இடங்களில் சிரிப்புதான் எழும் என்றால், அவற்றை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள். குழுவில் மூத்தவர் ஒருவரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். அந்த அண்ணனை இப்போதே எதிரியாக முடிவுகட்டவும் வேண்டாம். கில்பினுக்காக விருந்து விஷயத்தில் நின்ற அதே ஓநீல்தான் வசனத்தில் முரண்டு பிடித்தார். ஒரே மனிதருக்குள் இரண்டும் இருக்கும்.

அவர் கேட்டால் நல்லது. ஒரு இடத்தில்கூட மாற்ற மாட்டேன் என்றால் விலகிவிடுங்கள், எவ்வளவு பெரிய வேடமானாலும் சரி. ஆனால் காரணத்தை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, இன்னொரு நடிகர் தயாராக நாள் இருக்கும்போதே விலகுங்கள்.